பதினோரு நாள் மறைத்த சிவிங்கிப்புலி

நேற்று சாயங்காலம் உன் தங்கை சாந்தோமிலிருந்து ஆட்டோவில் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே, காட்டில் விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் காமிராவை மரத்தோடு சேர்த்துக் கட்டும் பட்டை. மூக்கருகே கொண்டுபோனேன். செம்மண் தூசி, அதற்கடியில் நீலகிரித் தைலம். காமிரா கட்டுகிற கையில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது என்று, ஆப்பிரிக்காவில் உன்னோடு வேலை செய்த நான்கு நாட்டு ஆட்களையும் திட்டித் தீர்த்தவள் நீ. உன் தலைவலிக்கு மட்டும் விலக்கு போலிருக்கிறது. சிரிப்பு வந்தது. அப்புறம் வழக்கம்போல வயிறு எரிந்தது. நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இந்த எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தோம். ஒரே வேலைக்கு மனுப் போட்டோம். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் நான்கு நாடுகளில் திரியும் சிவிங்கிப்புலிகளுக்கு ஒரே பதிவேடு வைக்க வேண்டும், அந்த நான்கு நாட்டு ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அதுதான் வேலை. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம், எடுத்தது உன்னை. நான் அபிராமபுரத்தில் வீடு, அடையாற்றில் கல்லூரி வேலை என்று தங்கிவிட்டேன். மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருநாள், "இன்னா டீச்சரு, உன் தோஸ்து ஆப்பிரிக்காவுல பூனை மேய்ச்சிக்கினு கீதாமே?" என்று கேட்டாள். "ஆமாம், பூனைதான்" என்றேன். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஒரு விடுமுறையில் நீ வந்தபோது தி. நகர் பாத்திரக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் நின்றோம். நான்கு நாட்டுப் பொறுப்பாளர்களுக்கும் நான்கு எவர்சில்வர் டிபன் கேரியர். ஒன்றில் அடுக்கு கூடுதல் என்று திருப்பிக் கொடுத்தாய். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒருத்தருக்குப் பெருசா போச்சுனா முடிஞ்சுது மச்சி. அடுத்த மீட்டிங்குக்கு மூணு பேருதான் வருவாங்க" என்றாய்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவள் நான். பேரம் பேசுவதில்கூட உனக்கு ஒரு நாட்டாமை இருந்தது. எனக்கு அது வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதற்கும் உன்மேல்தான் கோபம்.

அப்புறம் மாதாமாதம் படங்கள் அனுப்ப ஆரம்பித்தாய். "உன் கண்ணு மாதிரி யாருக்கும் கிடையாதுடி" என்று ஐஸ் வைப்பாய். ஒவ்வொரு சிவிங்கிப்புலிக்கும் புள்ளிகள் வேறு, ஒரே விலங்கின் இடப் பக்கமும் வலப் பக்கமும்கூட வேறு வேறு. கல்லூரி விட்டு வந்து புள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த இரண்டையும் நீ மறந்திருக்க மாட்டாய். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் காமிராவில் எப்போதும் இடப் பக்கம் மட்டும் விழுந்த ஒரு பெண் விலங்கு. அந்தப் பக்கத்துக் காமிராவில் எப்போதும் வலப் பக்கம் மட்டும் விழுந்த இன்னொன்று. இரண்டு நாடும் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தன. பழைய படங்களைக் கிளறியபோது அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் விலங்கு வருகிறது, அடுத்ததில் திரும்பிப் போகிறது. இரண்டு பக்கமும் தெரிந்தன, இரண்டு நாட்டுப் படங்களோடும் புள்ளிகள் பொருந்தின. இரண்டும் ஒரே விலங்கு. எல்லையைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது. அங்கே வேலி போடலாமா வேண்டாமா என்பதைத்தான் உங்கள் கூட்டம் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

உடனே உனக்கு எழுதினேன். அனுப்பப் போகும் நேரத்தில் உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது. நீண்ட மேசை, நான்கு பேர், நான்கு டிபன் கேரியர், மேசையின் தலைப்பக்கத்தில் நீ. நாளைக்கு அனுப்பலாம் என்று மூடி வைத்தேன். அந்த நாளைக்கு வரவே பதினோரு நாள் ஆயிற்று. ஒருமுறையாவது நீ தப்பாகப் பேசி, நான்கு பேர் முன்னால் விழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பெரிய கூட்டத்தின் முதல் நாள் இரண்டு விலங்கு என்றுதான் பேசினாய். எதுவுமே எல்லை தாண்டவில்லை என்றால் வேலியே போடலாமே என்று ஒருவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் கூப்பிட்டாய்.

"மச்சி, அந்த ரெண்டையும் இன்னொரு தடவை பாரேன். என்னமோ உறுத்துது. வேலி வந்துச்சுனா அதுங்க செத்துடும்டி."

"பாக்குறேன்" என்றேன். பார்க்க என்ன இருந்தது? காலைவரை வைத்திருந்து, அப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரி அனுப்பினேன். வேலி நின்றது. நீ விழிக்கவில்லை. "இதைக் கண்டுபிடிச்சது சென்னையில இருக்கிற என் தோழி" என்று சபையில் சொல்லி, அவர்கள் கைதட்டியதைப் பதிவு செய்து எனக்கே அனுப்பினாய். நேற்று உன் தங்கை சொன்னாள்: "படுக்கையில இருந்தப்பகூட அக்கா அதை நர்ஸுக்குப் போட்டுக் காமிச்சா."

உனக்குப் பிறகு, வேறு ஆள் கிடைக்கும்வரை பதிவேட்டை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்ட வேலை கடைசியில் கைக்கு வந்துவிட்டது. நான்கு நாட்டுக்காரர்களும் எழுதும் கடிதங்களில் முதல் வரியே நீதான். அவள் இருந்தால் இப்படிச் செய்வாள், அப்படிச் செய்வாள். படிக்கும்போதெல்லாம் எரிகிறது.

இப்போதெல்லாம் புள்ளி பொருந்தினால் காப்பியைக்கூடக் குடிக்காமல் உடனே நான்கு பேருக்கும் அனுப்பிவிடுகிறேன். நேற்று உன் பட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் விலங்கின் பக்கத்தைத் திறந்தேன். கண்டறிந்த நாள் என்ற இடத்தில் பதினோரு நாள் முந்தைய தேதியைப் போட்டேன். எதைத் திருத்தினாலும் நான்கு நாட்டுக்கும் தகவல் போய்விடும், அது நீ வைத்த ஏற்பாடு. இன்று காலையே கேள்வி வந்தது. கூட்டத்துக்கு முன்பே தெரியுமா? தெரியும், மறைத்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதையும் அழித்துவிட்டு உன் பெயரை எழுதக் கை போனது. எழுதவில்லை. நீ போன பிறகும் அந்த ஒரு பூனையை உனக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லையடி.