அண்ணியின் கைச்சீட்டு

ஜனவரி 11, ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் எலும்பைப் படம் பிடிக்கிறேன். ஏழாவது நாள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே அவன், தங்கை என்றும் பாராமல், என் எலும்பை எண்ணிக் கையில் கொடுத்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் என்று இதற்குப் பெயர்.

இன்றும் அதே நாலு பேர். அண்ணனும் அண்ணியும் ஒரு ஜோடி. நானும் போட்டோக்காரரும் ஒரு ஜோடி. போட்டோக்காரர் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்யாண வீடுகளில் மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, தோற்கும்போதும் தானே சிரிக்கப் பழகிக்கொண்டவர். அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்த உத்தியோகம் வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் முடிந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு தடவை நடக்கும். முதலில் நாங்கள் ஆடுவோம். பிறகு அதை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று அண்ணன் அண்ணிக்கு ஆடிக் காட்டுவான். இன்று அவர்கள் ஜெயித்த ஆட்டத்துக்கே பிரேதப் பரிசோதனை நடந்தது. "ராணியை அப்பவே இறக்கியிருந்தா இன்னும் சுலபமா முடிஞ்சிருக்கும்." அண்ணி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. பிஸ்கட்டை எப்படிச் சாய்த்து நனைத்தால் உடையாது என்பதற்கும் அண்ணனிடம் ஒரு வழி இருந்தது. சொன்னான்.

அண்ணி மாட்டு டாக்டர். அண்ணன் வைத்த பெயர் அது. நாய், பூனை, கிளி, எல்லாம் பார்க்கிறார். கடிக்கிற நாயைப் பேசியே படுக்க வைக்கிற ஆள், இந்த வீட்டுக்குள் வந்தால் வாயே திறப்பதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

போட்டோக்காரர் புதிதாக ஒரு பலகை விளையாட்டு வாங்கி வந்தார். இதில் யாரும் யாருக்கும் எதிரி இல்லையாம். மூழ்குகிற கப்பலிலிருந்து பயணிகளை நாலு பேரும் சேர்ந்து கரை சேர்க்க வேண்டுமாம். ஒற்றுமை வளரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டி அண்ணனைப் பார்த்ததில்லை.

நீ படிக்கட்டுக்குப் போ, நீ தண்ணியை இறை, நீ சும்மா இரு. எங்கள் வேலை, அவன் சொன்ன கட்டத்தில் காயை வைப்பது மட்டும். சும்மா இருக்கச் சொல்லப்பட்ட அண்ணி உண்மையாகவே சும்மா இருந்தார். கப்பல், பயணிகள், நாங்கள், எல்லோரும் கூண்டோடு மூழ்கினோம். நான் சொன்னதை நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்றான் அண்ணன்.

செய்தோமே. அதுதானே பிரச்சினை.

ஜனவரி 22, வியாழன்

மதியம் அண்ணி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு நாயின் கால் எக்ஸ்ரே. அபிப்பிராயம் கேட்க என்று பெயர். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்பது அவருக்கே தெரியும். கேன்டீனில் மூலை மேசையில் உட்கார்ந்தோம்.

மலைப் பக்கம் ஒரு மருத்துவமனையாம், அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு. தலைமை டாக்டராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடியிருக்க வீடு உண்டு. முதலில் இரண்டு வருடம். சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சீட்டு மேசையில் நான் பார்த்தே இராத முகம்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். யோசிப்போம்னார். மறுநாள் கேட்டா, யோசிச்சாச்சு, வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சுன்னார்."

யோசித்தது யார், முடிவு பண்ணியது யார்? தமிழில் அந்த வாக்கியத்துக்கு எழுவாயே தேவையில்லை. எவ்வளவு வசதியான மொழி.

போங்க அண்ணி என்றேன். அவர் போவதாகவே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. அண்ணனிடம் தானே சொல்வதாகவும், அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

சரி. இந்தக் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடிய ஒருத்தரைத் தேடி வந்திருக்கிறார்; கிடைத்தது நான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆடினோம். தோற்றோம். அண்ணி இன்னும் சொல்லவில்லை. 

பிப்ரவரி 8, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்றாவது ஆட்டம். அண்ணி ஒரு சீட்டில் விரலை வைத்தார். அண்ணன் தொண்டையைச் செருமினான். அண்ணி விரலை அடுத்த சீட்டுக்கு நகர்த்தினார். அண்ணன் மறுபடியும் செருமினான். பேசினால் விதிமீறல், செருமினால் சளி. அவனுடைய நேர்மை அந்த அளவில் இருக்கிறது.

அண்ணி கையிலிருந்த எல்லாச் சீட்டையும் விரித்து மேசைமேல் மல்லாக்க வைத்தார். அடுக்கி, விரலால் நேராக்கியும் வைத்தார்.

"நீங்களே ரெண்டு கையும் ஆடிடுங்க. நான் போறேன்."

குரலில் கோபமே இல்லை. எழுந்து உள்ளே போனார். நாற்காலியைக்கூட மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் போனார்.

ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பின்னாலேயே போவான். அல்லது கத்துவான். என் அண்ணன் விரித்து வைத்த சீட்டைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "உங்க ரெண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டான்.

ஆடினான்! தன் கையிலிருந்து ஒன்று, அண்ணி கையிலிருந்து ஒன்று. பிரமாதமாக ஆடினான். போட்டோக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. நானும்தான் ஆடினேன், அதையும் எழுதிவிட வேண்டும். எவ்வளவு தூரம்தான் போகிறான் பார்ப்போம் என்று ஒரு கேடுகெட்ட ஆசை. கடைசிச் சீட்டு வரை ஒரு சுற்றுகூட விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தான். முகமெல்லாம் ஒளி. நிமிர்ந்து எதிரே இருந்த நாற்காலியிடம் "பாத்தியா?" என்றான்.

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

அண்ணன் போன். வருகிற ஞாயிறு அந்த மலை வேலைக்குக் கிளம்புவதாக அண்ணி நேற்றிரவு சொல்லிவிட்டாராம். "ஜெயிச்சுதானே குடுத்தேன், அதுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?"

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணி காலை ரயிலில் போய்விட்டார். வழியனுப்ப நானும் அண்ணனும். பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் இடம் மிச்சமாகும் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தபோதே ரயில் நகர்ந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்துத்தான் கையசைத்தார்.

மதியம் அம்மா போன். அண்ணிக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமாம். ஒரு பொம்பளை வீட்டையும் புருஷனையும் விட்டுவிட்டுக் கரடிக்குக் கட்டுப் போடப் போவதா என்றார். அம்மா, உன் பையனைவிடக் கரடி பேச்சைக் கேட்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆட்டம் இல்லை. என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு முன்னாடி?"

"அவங்க உன்கிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான். நீதான் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சுன்னு சொன்னியாமே."

இனிமேல் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மிதித்துக்கொண்டு நின்றுதான் சொன்னான்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? அவங்க என்னை நம்பிச் சொன்னாங்க. இவன் என் கூடப் பிறந்தவன். ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் மட்டும் கெட்டவ. நல்லா இருக்கு.

மார்ச் 8, ஞாயிறு

கூட்டத்தைக் கட்டிக்காப்பது தன் கடமை என்று போட்டோக்காரர் நினைக்கிறார். போனிலேயே சீட்டாடலாம் என்று எல்லோரையும் இணைத்துவிட்டார். என்னோடு பேசாத அண்ணனும் வந்தான். பேசாமலே ஆட முடிகிற வசதி.

நாலு சதுரத்தில் நாலு முகம். அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அப்பால் மரங்கள். இடையில் ஏதோ ஒன்று பெரிதாக உறுமியது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் செருமினான். அண்ணி அவன் சத்தத்தை அணைத்துவிட்டார். அணைத்தது தெரியாமல் ஆட்டம் முடியும்வரை அவன் செருமிக்கொண்டே இருந்தான். இவ்வளவு நிம்மதியாக நான் சீட்டாடியதே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் என் வீட்டுக்கு வர மாட்டான். நான் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. போனேன்.

வீடு சுத்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. மேசையில் பத்தாம் வகுப்புக் கணக்குத்தாள் கட்டு, பாதி திருத்தியது. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். தண்ணீராக இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். எங்கள் குடும்பத்துக்கு அது ஒரு சாதனை.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"அவ அன்னிக்கு ஏன் சீட்டைக் கீழ வச்சா?"

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. இவனுக்கு நிஜமாவே தெரியலை. இத்தனை வருஷமா அவங்களுக்கு உதவி பண்றதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

"அவங்க சீட்டை அவங்க ஆடணும்னு நினைச்சாங்க, அண்ணா."

"தப்பா ஆடுவாளே."

"ஆடட்டுமே. அவங்க சீட்டுதானே?"

கணக்குத்தாள் கட்டைத் தட்டி நேராக்கினான். அப்புறம், "அந்த வேலையைப் பத்திச் சொன்னப்பவும் நான் அதைத்தான் பண்ணேனா?" என்றான். கேள்வியாகத்தான் கேட்டான். ஆனால் பதிலை எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். எதுக்குன்னு தெரியலை. அந்த ஒத்தைக் கரண்டிக்குத்தான் போல.

ஏப்ரல் 5, ஞாயிறு

செய்தி: அண்ணன் அண்ணியிடம் அனுமதி கேட்டிருக்கிறான். பள்ளி விடுமுறையில் வந்து பார்க்கலாமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் அண்ணி.

யோசிக்கட்டும். நன்றாக யோசிக்கட்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

யோசித்தாயிற்று. வரலாமாம். நானும் போட்டோக்காரரும்கூட வர வேண்டுமாம். அடிதடி நடந்தால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். பக்கத்தில் போட்டோக்காரர் வாயைப் பிளந்து தூங்குகிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வேலையாக இருந்தார். சிறகு ஒடிந்த ஒரு கழுகு. துணியைப் போர்த்தி, அதனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே கட்டை மாற்றினார். அண்ணன் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டுப் போடுவதிலும் அவனுக்கு ஏதாவது அபிப்பிராயம் இருந்திருக்கும். வெளியே வரவில்லை. அண்ணி கையைக் கழுவிவிட்டு வந்து, "இளைச்சுட்டீங்க" என்றார். "சமையல் சுமார்" என்றான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் சீட்டு. அண்ணிக்கு அங்கே ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது: ஜீப் டிரைவர், சமையல்கார அம்மா, புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர். நாலு பேர் சரியாக இருந்ததால் எங்களுக்கு இடமில்லை. வாங்க, மாறி ஆடலாம் என்று டிரைவர் எழுந்தார். அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அண்ணிக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணிக்கு ஜோடி டிரைவர். அவர் ஏஸை இறக்கிவிட்டார். அந்தச் சுற்று அவர்களுக்குத்தான், சந்தேகமே இல்லை. அண்ணி தன் கையைப் பார்த்து, யோசித்து, ஒரு துருப்புச் சீட்டின் மேல் விரலை வைத்தார். சொந்த ஜோடியின் ஏஸையே வெட்டப் போகிறார்! அண்ணனின் கழுத்து நரம்பு எழும்புவதை நான் பார்த்தேன். இதோ, இப்போது செருமப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"துருப்பு வேண்டாம் அண்ணி" என்று ஒரு குரல் கேட்டது.

என் குரல்.

மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே அண்ணியும் திரும்பினார். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தான். "அவ ஆடட்டும்" என்றான்.

அண்ணி அந்தத் துருப்பையே போட்டார். நாலு சுற்று தள்ளி, துருப்பு இல்லாமல் தோற்றார். டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் எழுந்து எல்லோருடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு தேநீர் கேட்டு வரப் போனான்.

பஸ் ஏற வந்தது நானும் போட்டோக்காரரும் மட்டும். விடுமுறை முடிகிறவரை இருந்து பார்க்கட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வழியனுப்ப அண்ணன் வந்தான். வண்டி கிளம்பப் போகும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து, எக்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அந்தத் துருப்பைப் போட்டிருக்கக் கூடாது, இல்ல?"

"கூடவே கூடாது."

அப்பாடா என்று மூச்சு விட்டான். மதியத்திலிருந்து அதை அடக்கி வைத்திருந்திருக்கிறான், பாவம்.

"அவகிட்ட சொல்லிடாத" என்றான்.