விண்வெளியில் தண்ணீர் கண்ட மருமகள்

பாளையம்பட்டி
3.11.2025

அன்புள்ள யுவராணிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் மெயில். இங்கே எல்லோரும் சுகம், எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஒரேயடியாக வந்துவிடுவேன் என்றாய். இப்போது இன்னும் இரண்டு வருஷம் என்கிறாய். கல்யாணம் பண்ணி ஒரு தீபாவளியாவது சேர்ந்து இருந்தோமா?

இதில் அப்பா வேறு, பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைத்துவிட்டார்: 'விண்வெளியில் தண்ணீர் கண்ட எங்கள் மருமகள்!' ரெட்டியபட்டியிலிருந்து உரம் வாங்க வந்தவர், "என்ன மொதலாளி, வானத்துல தண்ணி இருக்காம்ல? நம்ம கம்மாய்க்கு எப்ப வருதுன்னு வீட்ல கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். சிரித்துக்கொண்டே பில்லைத் தப்பாகப் போட்டேன். உடனே பதில் எழுது.

தங்கபாண்டி

ஜெர்மனி
5.11.2025

அன்பு அத்தானுக்கு,

அந்தப் பிளக்ஸை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். தூசி மேகத்துக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அகச்சிவப்பில் பார்ப்போம். தூசியில் தண்ணீர் உறைந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். வெளிச்சத்தின் அளவைக் காட்டும் வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்துத்தான் குதித்தேன். நேற்று, மேகமே மறைக்காத வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்தேன். அதிலும் அதே பள்ளம்! பனி படிந்திருந்தது எங்கள் தொலைநோக்கியின் கருவிக்குள்தான் அத்தான்.

இன்னும் யாருக்கும் தெரியாது. சொன்னால் தண்ணீர் கண்டதாக எழுதிய கட்டுரை போச்சு, வேலை நீட்டிப்பும் போச்சு. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் யுவா

பாளையம்பட்டி
6.11.2025

யுவா,

எழுதி எழுதி அழித்தேன். 'சொல்லிவிடு' என்றால் அது நியாயத்துக்காகவா, வேலை போய் நீ வீட்டுக்கு வருவாய் என்பதற்காகவா? எனக்கே தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "அது அவ வேலை. அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போகுது?" என்று போய்விட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். சொல்லிவிடு. ஊரில் யார் கேலி பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். கிளம்பி வா.

தங்கபாண்டி

ஜெர்மனி
14.11.2025

அத்தானுக்கு,

சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. ஆனால் எங்கள் பேராசிரியர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பழைய அளவீடுகளிலும் கருவியின் பனி எது, வானத்துப் பனி எது என்று பிரித்தாக வேண்டுமாம். "பிழையைப் பிடித்தவளே செய்யட்டும்" என்றார். இரண்டு வருஷ வேலை.

அன்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், உங்களைக் கேட்காமல். கோபப்படுங்கள், நியாயம்தான். கேட்டிருந்தால் வரச் சொல்லியிருப்பீர்கள். நானும் வந்திருப்பேன்.

யுவராணி