இரண்டாவது கடிதத்தை எழுதியவர்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீ நலம் என்று உன் மடல் சொல்கிறது. அந்த மடலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். இயற்பியல் ஆசிரியருக்கு இதுவும் வரும் என்பது தலைமையாசிரியையின் கணிப்பு. நானும் மறுக்கவில்லை. மாலையில் வீடு திரும்ப அவசரமில்லாதவன் அங்கே நான் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பயிற்சி வைத்தேன். இரண்டு கடிதங்களில் எது கணினி எழுதியது, எது மனிதர் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலாவதைக் கணினியிடம் எழுதி வாங்கினேன். இரண்டாவது, பெயரை நீக்கி அச்சிட்ட உன் சென்ற மாத மடல். முப்பத்தாறு பேரும் இரண்டுமே கணினி எழுதியவை என்றார்கள்.

நான் விடவில்லை. "அம்மாவையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்ற வரியைக் காட்டினேன். இதை எழுதியவரின் தாய் இறந்து பதினொரு மாதம் ஆகிறது, பழக்கத்தில் கை தவறியிருக்கிறது, இப்படித் தவறுவது மனிதக் கை மட்டுமே என்று வாதிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வரிக்காகவே உன் மடலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்னமும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு விழிக்கிறவன் நான். நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மறந்து எழுதல சார். அம்மா செத்துட்டாங்கன்னு அதுகிட்ட யாருமே சொல்லல. சொல்லாதது அதுக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி ரொப்பிடும்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க?" என்றாள். பக்கத்திலிருந்தவள், "பாவம்டி அந்த அப்பா, மிஷின்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிட்டான் புள்ள" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த அப்பா யாரென்று நான் சொல்லவில்லை. எழுந்தவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

பள்ளி விட்டதும் கணினி அறையில் தனியாக உட்கார்ந்து, தொலைவிலுள்ள தந்தைக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று தட்டினேன். உன் முதல் பத்தி ஏறக்குறைய அப்படியே வந்தது. வேலைப்பளு என்று நீ சொல்லக்கூடும். அந்தக் கருவிக்குக் கட்டளை தட்டிய நேரத்தில், "அப்பா, இந்த மாதம் முடியவில்லை" என்று எனக்கு எழுதியிருக்கலாம். அதையும் பத்திரப்படுத்தியிருப்பேன். அம்மாவைப் பற்றிய அந்த வரியைப் படித்துப் பார்க்காமலே அனுப்பினாயா, படித்தும் அனுப்பினாயா என்று கேட்கப் போவதில்லை. இரண்டில் எந்தப் பதிலையும் தாங்கும் தெம்பு எனக்கில்லை.

வழவழப்பான மடல்கள் இனி வேண்டாம். பிழையோடு எழுது, கோபித்து எழுது, திட்டியாவது எழுது. என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்பதையாவது நீயே எழுது.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் அப்பா