கடல்பாசித் தண்ணீரும் உன் வெள்ளை அணுக்களும்

இன்று மாலை பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் உன் தங்கை கடல்பாசித் தட்டோடு வந்தாள். நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டுத் தட்டு இங்கே வருவது நீ போன பிறகும் நிற்கவில்லை. மூடியிருந்த துணியை எடுத்ததும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணத்தன. அதற்கும் அடியில், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் தெரிகிற அந்தக் கடல் வாடை. மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாடை கடலை நினைவூட்டுவதில்லை. நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தைத்தான் நினைவூட்டுகிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு வயதாகிவிட்டது என்பார்கள். ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

சீனிக்கும் பாண் ரொட்டிக்கும் கியூவில் நின்ற எழுபதுகளின் நடுப்பகுதி அது. அட்டன் டவுனில் உன் வாப்பாவுக்குக் கடை இருந்தது. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒரே மைக்ரோஸ்கோப்பை மாற்றி மாற்றிப் பார்த்து நாம் இரத்த அணுக்களை எண்ணினோம். காலையில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணுவார்கள் என்று ஒருநாள் உனக்குச் சொன்னேன். அன்றிலிருந்து வெள்ளை அணு எண்ணுவதற்கும் நீ பெரட்டு என்றே பெயர் வைத்துவிட்டாய். காய்ச்சல்காரரின் இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைப் பார்த்து, இவருக்கு இன்றைக்குப் பெரட்டில் ஆள் அதிகம் என்பாய். டாக்டர் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். உனக்கு எந்தப் பயமும் கிடையாது.

அணுக்களுக்கு நிறமேற்றும் சாயத்தைப் புதிதாகக் கலக்கினால் முதலில் நம் இரத்தத்தில் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். அன்று உன் முறை. விரலைக் குத்தி, கண்ணாடியில் இழுத்து, சாயம் ஊற்றிப் பார்த்துவிட்டு, “சாயம் சரியில்ல, வேற கலக்கு” என்றாய். நானும் கலக்கினேன். இரண்டாவது தடவையும் உன் கண்ணாடி வெறிச்சென்று கிடந்தது. அப்புறம் என் இரத்தத்தில் போட்டுப் பார்த்தோம். வெள்ளை அணுக்கள் ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணை எடுக்காமல் நீ நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

உன் எலும்புக்குள் இரத்தம் உருவாவதே குறைந்துபோயிருக்கிறது என்றார்கள் கண்டி பெரிய ஆஸ்பத்திரியில். பேசி முடித்திருந்த உன் கல்யாணத்தை உன் உம்மா சத்தமில்லாமல் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் மேசையில் கிடந்த பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை என் கையில் கிடைத்தது. சில கடல்பாசிகளில் உள்ள ஏதோ ஒரு சத்து, கிருமியை விழுங்குகிற வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடுகிறதாம். எந்தக் கடல், எந்தப் பாசி என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. உன் வாப்பாவின் கடையில் புத்தளத்திலிருந்து வந்த கடல்பாசி சாக்கோடு இருந்தது. எனக்கு அது போதும்.

கடல்பாசியைக் காய்ச்சி வடித்துத் தண்ணீர் எடுத்தோம். கிருமிக்குப் பதிலாக அணுக்கள் விழுங்குவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பேக்கரியில் கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கி வந்தாய். கண்ணாடியில் ஒரு துளி இரத்தம் வைத்தால் வெள்ளை அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு அணுக்களைக் கழுவிவிட்டு, ஈஸ்டையும் கடல்பாசித் தண்ணீரையும் அதன்மேல் விட்டோம். முதல் நாள் ஒன்றுமே நடக்கவில்லை. கடல்பாசித் தண்ணீர் கண்ணாடியிலேயே கெட்டியாக உறைந்துபோனது. அணுக்கள் அசையவில்லை. உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும் என்று சஞ்சிகையில் எழுதியிருந்தது. குளிரிலேயே பிறந்த நமக்கு அந்த வரி கண்ணில் படவே இல்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் தண்ணீரை இன்னும் நீர்க்கக் காய்ச்சினோம். கண்ணாடிகளை ஒரு டொபி மிட்டாய் டின்னுக்குள் ஈரப்பஞ்சோடு அடுக்கி, அந்த டின்னை உன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாய். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் திட்டினேன். கல்யாணம்தான் நின்றுபோனது, இதையாவது சுமந்துகொள்கிறேனே என்றாய்.

என் இரத்தத்தில் இரண்டு கண்ணாடி, உன் இரத்தத்தில் இரண்டு. இரண்டில் ஒன்றுக்குக் கடல்பாசித் தண்ணீர், மற்றதற்கு வெறும் உப்புத்தண்ணீர். எது எதுவென்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாய்.

“ஒனக்குத் தெரிஞ்சா எனக்காக ஒன்னு ரெண்டு கூட்டிருவ. எனக்காக ஒன்னும் கூட்டாத” என்றாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம் அது.

எண்ணினேன். என் கண்ணாடிகளில் ஒன்றில் அணுக்கள் கைகால் நீட்டி, ஈஸ்டை வயிறு முட்ட விழுங்கியிருந்தன. மற்றதில் அவ்வளவு இல்லை. உன்னுடைய இரண்டிலும் அதே வித்தியாசம். அதிகம் விழுங்கியவை எல்லாம் கடல்பாசித் தண்ணீர் பட்டவை என்று நீ சொன்னதும் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நீ என்னை மெதுவாக விலக்கிவிட்டு உன் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்திப் பார்த்தாய். ஒரு அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே வெகுதூரம் தேட வேண்டியிருந்தது.

“இது இருக்கிற ஆளத்தான் வேலை வாங்குது. பெரட்டுக்குப் புது ஆள் கொண்டாரல்ல” என்றாய்.

குடிக்கிற கடல்பாசி வயிற்றில் செரித்துப்போகும், கண்ணாடியில் விட்டதுபோல நேரே இரத்தத்தில் கலக்காது என்பதையும் நீயேதான் எடுத்துச் சொன்னாய். சஞ்சிகையை நான் இழுப்பறைக்குள் வீசினேன். அந்த வருடம் நோன்பு பிடிக்க உம்மா உன்னை விடவில்லை. ஆனாலும் பாங்கு சொல்லும்வரை எல்லோரோடும் காத்திருந்துதான் கடல்பாசியைத் தொட்டாய். மருந்து என்று தராதே, ருசிக்காகத் தா என்று உம்மாவிடம் சொன்னாய். சீனி கிடைக்காத நாட்களில் பாதி இனிப்போடு செய்த அந்தக் கடல்பாசிதான் உனக்குக் கடைசிவரை பிடித்திருந்தது.

அடைமழைக் காலத்தில் நம் ஆஸ்பத்திரி வார்டிலேயே உன்னைச் சேர்த்தார்கள். உன் இரத்தத்தை எண்ணுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. ஒருநாள் கட்டிலருகே நின்றேன். உன் கை சில்லென்று இருந்தது. டின்னை நீ வைத்திருந்த மாதிரி அதை என் ஸ்வெட்டருக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“இன்னைக்குப் பெரட்டுல எத்தன பேரு?” என்றாய்.

சொன்னேன். இருந்ததைச் சொன்னேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். கையை மட்டும் எடுக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? இந்தக் கேள்வி இத்தனை வருடமாக என்னைத் தின்றது. மாதா கோவிலில் முழங்காலிட்டபோதும் தின்றது, பென்சன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் தின்றது. சாகப்போகிறவளிடம் கணக்குச் சொன்ன கல்நெஞ்சுக்காரி என்று என்னை நானே ஏசிக்கொண்டிருந்தேன்.

இன்று உன் தங்கை, நான் ஒரு துண்டு வாயில் போடும்வரை நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சீனி கூடிவிட்டது என்றேன். சொன்ன பிறகுதான், நோன்போடு நின்று செய்தவளிடம் இப்படியா சொல்வது என்று உறைத்தது. அவள் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

“அதுக்குத்தான் ஒங்ககிட்ட கேக்கிறது அக்கா. ராத்தா வார்டுல வச்சு ஒங்களப் பத்தி எங்கிட்ட சொன்னா, அவ ஒருத்திதான் எனக்குக் கூட்டிச் சொல்லல, எதுன்னாலும் அவகிட்டயே கேளுன்னு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எனக்குத் தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிய உன் முகத்தை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவள் போன பிறகு தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். இனிப்பு அதிகம்தான். என்னை ஏசுவதை இன்றோடு விட்டுவிடுகிறேன். உன் கையின் குளிர் மட்டும் இந்த ஸ்வெட்டருக்குள் இருக்கட்டும்.