கல்விச் சீரில் நான் பேசின பேச்சு

பங்குனி 15, வெள்ளி.

பேத்தி படிக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில் இன்னைக்கு ஆண்டு விழா. ஊரே கொட்டு மேளத்தோட கல்விச் சீர் கொண்டு போனோம். நோட்டு, பென்சில், மின்விசிறி, பழம்னு தட்டுத் தட்டாப் போச்சு. முதல் தட்டைப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி கையில் கொடுத்துட்டாங்க. எனக்குப் பொறுக்கல.

"என் மக வளைகாப்புக்கு எட்டிப் பாக்காதவளுக்கு இங்க மட்டும் என்ன முன்னால நடை?"ன்னு தெருவே கேக்கச் சொல்லிட்டேன். பதினோரு வருசமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தது.

கொட்டு நின்னு போச்சு. அவ மெதுவாத்தான் சொன்னா.

"எங்க வீட்டுக்காரரு போயி இருபது நாளுதான் ஆகியிருந்துச்சு, மதினி. வளையல் கழட்டின கையோட வளைகாப்புக்கு எப்படி வருவேன்?"

யாரு எந்த விசேசத்துக்கு வரலைன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவேன். அந்தச் சாவை எப்படி மறந்தேன்? அன்னைக்கு அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதவளே நான்தான்.

தட்டை என் கையில் கொடுத்துட்டு அவ பின்னால போயிட்டா. நானும் வெக்கமில்லாம அதைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சுமந்தேன். டீச்சர் எனக்குத்தான் முதல்ல சந்தனம் கொடுத்தாங்க. ஊர்வலத்துல கூடவே வந்த பேத்தி என்னைப் பாக்கவே இல்ல. வீட்டுக்கு வந்தும் இன்னமும் சுவத்துப் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கா.