ஒரு நாளும் மட்டம் போடாதவனுக்கு

என் அருமை மாப்பிள்ளை மாணிக்கம்,

உன் சாவுச் செய்தி வந்து ஒரு மாதம் ஆகிறது. சயாமிலிருந்து தப்பி வந்த செமாபோக் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார். தண்டவாளம் போடும் இடத்தில் காய்ச்சலிலேயே போய்விட்டாயாம்.

உனக்குக் காய்ச்சல் புதிதா என்ன? காஜா பேராங் ரோட்டு வேலையில் வாரத்துக்கு இரண்டு நாள் நீ போர்வைக்குள்தான் கிடந்தாய். ஆனாலும் காலைப் பெரட்டில் நான் பேர் கூப்பிடும்போது உனக்காக யாராவது குரல் கொடுப்பார்கள். நானும் புத்தகத்தில் 'வந்தான்' என்று குறித்துவிடுவேன். உன் பங்கு ரோட்டோரக் கால்வாயை மற்றவர்கள் சேர்ந்து வெட்டிவிடுவார்கள். வராதவனுக்கு ஜப்பான்காரன் அரிசி தரமாட்டான். என் தங்கை காமாட்சி வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

உனக்கு மட்டும் செய்யவில்லை. காய்ச்சலில் விழுந்த எல்லோருக்கும் செய்தேன். வேலை வாங்கும் மண்டோர்களில் நான் நல்லவன் என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன.

பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க அந்த ஜப்பான் அதிகாரி வந்தான். நல்ல உடம்புக்காரர்கள் ஐந்து பேர் வேண்டுமாம். ஆட்களை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை; என் புத்தகத்தைத்தான் பார்த்தான். ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களாகப் பொறுக்கினான். முதல் பேர் உன்னுடையது. எருமை மாதிரி இருந்த காத்தமுத்து, கோழிச்சண்டை பார்க்க மட்டம் போட்டதால் தப்பினான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது, மாப்பிள்ளை.

"ஐயா, இவன் காய்ச்சக்காரன்" என்றேன்.

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ ஒங்க புத்தகம் பொய்யா, மண்டோர்?"

பொய் என்றால் என் கீழ் வேலை செய்யும் பதினெட்டு பேர் வீட்டுக்கும் அரிசி நின்றுவிடும். என் முதுகுத் தோலும் மிஞ்சாது. இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். லாரியில் ஏறும்போது நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய். "விடுங்க மச்சான். காமாட்சிய பாத்துக்குங்க."

நேற்று நம் சன்னாசியின் மனைவி வந்து நின்றாள். "அவருக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுங்க. வந்ததா போட்டுருங்க மண்டோர், புள்ளைங்க பட்டினி." சயாமுக்கு மறுபடியும் ஆள் கேட்டிருக்கிறார்கள். வந்தான் என்று போட்டால் லாரி. வரவில்லை என்று போட்டால் பட்டினி. இதில் இரக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது, நீயே சொல். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

காமாட்சி கிழங்குக் கஞ்சி காய்ச்சினால் முதல் கிண்ணம் எனக்குத்தான் தருகிறாள். நேற்றும் தந்தாள். "அவரு பேர எழுதிக் குடுத்த கை அழுகிப் போவணும், அண்ணே" என்றாள். அந்தக் கையால்தான் கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன்.

இன்று வாங்க மாட்டேன். முதலில் சொல்லிவிடுவேன், எழுதியது யார் என்று. அதற்குப் பிறகு கஞ்சி தருவதும் தராததும் அவள் இஷ்டம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

காமாட்சிக்கு இந்த நிமிடம் வரை அண்ணனாக இருக்கும்
உன் மச்சான்,
வேலாயுதம்