அந்த மீனை விட்டது நான்தான், அத்திம்பேர்

ஒரு தடவைகூட என்னைக் கோபித்துக்கொள்ளாத என் அருமை அத்திம்பேருக்கு,

இந்த வருஷப் பொங்கல் விழாவிலும் உங்கள் பேச்சு வந்தது. வராமல் இருக்குமா? நம் தமிழ்ச் சங்கத்தில் நாலு பேர் காபியோடு உட்கார்ந்தால் யாராவது உங்கள் மீன்தொட்டிக் கதையை எடுத்துவிடுவார்கள். "பதினஞ்சு நாள் காலித் தொட்டியைக் காவல் காத்தார். பதினாறாம் நாள் பொறுக்க முடியாம மீனை விட்டுக் கொன்னுட்டார். பாவம், அவசரக்கார மனுஷன்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் ஒரு துளசிச் செடியைப் பிழைக்கவைக்கத் தெரியாத கும்பல் அது! அந்தக் கும்பலோடு உட்கார்ந்து ஒன்பது வருஷமாக நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மீனை விட்டது நீங்கள் இல்லை. நான். போன வாரம் வரை இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சங்க மலரில் இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரமாவது வருஷம், மழைக்காலம். நானும் உங்களோடு இருந்த லேக் கார்டன்ஸ் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தீர்கள். கார்டன் ரீச் அலுவலக நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கடலுப்பைக் கரைத்து ஊற்றினீர்கள். கரியாஹாட் மீன்கடைக்காரன் என்ன சொன்னான்? "மட்டமான மீனா நாலு விடுங்க தாதா. செத்தா சாகட்டும், தண்ணி பக்குவமாயிடும்" என்று வங்காள மொழியில் ஒரு ஞானி மாதிரி சொன்னான். ஊரில் தொட்டி வைத்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள்தான், "தண்ணியைப் பழக்கறதுக்கு நாலு உசிரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தீர்கள்.

இன்டர்நெட் கடையில் அச்செடுத்த நாலு தாளை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினீர்கள். மீனின் கழிவு அம்மோனியா ஆகும், புதுத் தொட்டியில் அதுவே மீனுக்கு விஷம். அதைத் தின்று தீர்க்கும் கிருமிகள் பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமிக்குத் தீனியாக மீனை விடுவதற்குப் பதில் ஒரு பச்சை இறாலை அழுக விட்டாலே போதும். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பச்சை நிறம் வந்தால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் இல்லை. அதற்கப்புறம் வரும் நைட்ரைட் என்ற விஷமும் இல்லாமல் போன பிறகுதான் மீன்.

முட்டைகூட நுழையாத வீட்டில் இறால்! பத்மா அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "செத்ததை உள்ளே விடறேன். ஆனா உங்க அவசரத்துனால இந்தத் தொட்டில ஒரு உசிர் போகப்படாது. சத்தியம் பண்ணுங்கோ." அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். மாடி வீட்டு வங்காளி கோஷ் தாதா வேறு வந்து எட்டிப் பார்த்து, "இத்தனை நல்ல சிங்ரி இறால்! தேங்காய்ப்பால்ல வேக வேண்டியதை அழுக விடறீங்களே!" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். நான் எல்லோரையும் கிண்டல் செய்தேன். இறாலுக்கு சிராத்தம் நடக்கிறது என்றேன். பிறர் செய்வதைப் பார்த்து இளிப்பது தவிர நான் அந்த வயதில் வேறு எதைச் சாதித்தேன்?

ஆறாம் நாள் உங்களுக்கு நெஞ்சு வலி. பத்து நாள் ஆஸ்பத்திரி. "தினம் சோதிச்சு எழுதி வை. தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்து. வேற எதையும் தொடாதே" என்று கட்டிலில் படுத்தபடி சொன்னீர்கள். இரண்டு நாள் சோதித்தேன். அப்புறம் அலுத்துவிட்டது.

நீங்கள் வீடு திரும்பிய அன்று எனக்கு ஒரு பிரமாதமான யோசனை. மூளை இல்லாதவனுக்குத்தான் அப்படி யோசனைகள் வரும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்றை வாங்கி வந்தேன். அக்கா அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தொட்டியில் விட்டுவிட்டு, நீங்கள் எழுந்து வந்து பூரித்துப் போவீர்கள் என்று காத்திருந்தேன்.

"தண்ணியைச் சோதிச்சியாடா?"

"சோதிச்சேன், அத்திம்பேர். எல்லாம் சரியா இருக்கு."

நீங்களே சொட்டு விட்டுப் பார்த்தீர்கள். குழாய் கரும்பச்சையாக மாறியது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரியாஹாட்டில் முழங்காலளவு தண்ணீர், மீனைத் திருப்பிக் கொடுக்கப் போக வழியில்லை. மிச்சமிருந்த உப்பையெல்லாம் கரைத்துப் பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன். காலையில் முதலில் பார்த்தது அக்காதான். மீன் மல்லாந்து மிதந்தது.

"நான்தான் இவனை மீன் வாங்கிண்டு வரச் சொன்னேன், பத்மா. ஆசையை அடக்க முடியல" என்றீர்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நோயாளியை அக்கா உடனே மன்னித்துவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

"என் கையில அடிச்ச சத்தியம் அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. அதன் பிறகு பதினொரு நாள் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், வேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு நாளில் ஒரு நாள் நான் பேசியிருக்கலாம். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அத்திம்பேர்? மச்சினன் மானம் அவ்வளவு பெரிதா?

இப்போது என் வீட்டிலும் ஒரு சின்னக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒற்றை இறால் போட்டு, தினமும் சோதித்து எழுதி வைத்தேன். போன வாரம் அக்கா வந்தபோது முப்பத்தெட்டாம் நாள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டு குழாயும் சுத்தமாக இருந்தன. காலித் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையேடா. உங்க அத்திம்பேருக்கு இல்லாத பொறுமை உனக்கு இருக்கே" என்றாள்.

உங்களை மட்டம் தட்டி எனக்கு ஒரு பாராட்டு! அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்காமல்.

அக்கா அழவில்லை. வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினம் அவர் படத்துக்கு விளக்கேத்தறச்சே, 'சொன்ன சொல்லைக் காப்பாத்தலியே'ன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்ததில்லைடா. ஒன்பது வருஷமா திட்டியிருக்கேன். கேட்டுண்டு நின்னிருக்கார்" என்றாள். எழுந்து வாசல் வரை போனவள் திரும்பினாள். "என்கிட்ட மட்டும் சொன்னாப் போறாது. அவரை அவசரக்காரர்னு சிரிக்கறாளே, அவா அத்தனை பேரும் படிக்கற இடத்துல எழுது. எழுதற வரைக்கும் என் வாசப்படி மிதிக்காதே."

அதனால்தான் சங்கத்து ஆண்டு மலரில் உங்களுக்குக் கடிதம். சிரித்தவர்களே, இதையும் படித்துவிட்டுச் சிரியுங்கள். இந்தத் தடவை சரியான ஆளைப் பார்த்து.

இனி எந்தக் கூட்டத்தில் இந்தக் கதை கிளம்பினாலும் எழுந்து நின்று என் பெயரைச் சொல்வேன் அத்திம்பேர். இது சத்தியம், அக்கா கையில் அடித்த சத்தியம் இல்லை, அவள் கையைத் தொட எனக்கு இன்னும் உரிமை வரவில்லை. அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது திட்டாமல் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டாளா?

நீங்கள் காட்டிக்கொடுக்காத மச்சினன்,
ரகு